ஜில்லுனு இருக்கு சார்

எங்கள் அலுவலகத்தில் 'ஆமை' என்றால் ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, கட்டப்போகும் கட்டிடங்களுக்குக் கணினியில் முப்பரிமாணப் படம் போட்டுக் கொடுக்கும் அம்மா. வயது நாற்பத்து நான்கு. அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. ஆனால் அது காதில் விழுந்தபோதெல்லாம் சிரித்திருக்கிறேன். சிரித்ததோடு நிற்கவும் இல்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே படப்பிரிவின் தலைவன். எனக்குக் கீழே ஒன்பது பேர். வருடக் கடைசியில் ஆளுக்கொரு தாள் நிரப்பி முதலாளிக்கு அனுப்ப வேண்டும். நேரத்துக்கு வருகிறாரா, வேலை சுத்தமா, நடத்தை எப்படி என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் வேகம். அந்த அம்மாவின் தாளில் நான்கு வருடமாக அந்தக் கட்டத்தில் 'போதாது' என்று எழுதியவன் நான்தான்.

அந்த அம்மா பத்தொன்பது வயதில் இங்கே வந்தவர். அப்போது கணினி கிடையாது. ஆளுயரப் பலகையில் தாளை ஒட்டி, நின்றுகொண்டே மை பேனாவால் கோடு இழுக்க வேண்டும். ஒரு சொட்டு மை சிந்தினால் அன்றைய வேலை அம்போ. அவர் கைக்கு மை சிந்தாது. கணினி வந்தபோது அவருக்கு ஏழாம் மாதம். வயிறு மேசையில் இடிக்க, கையை நீட்டி மவுஸைப் பிடித்துக் கற்றுக்கொண்டார். பிரசவத்துக்குப் போகிறபோது எங்கள் எல்லோரையும் விட வேகமாகப் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், வேகமாக. இந்த வார்த்தையை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன்.

வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவருக்குக் கண் இருந்தது. இன்ஜினீயர்கள் அனுப்பும் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டிடத்துக்குள் மனதால் நடந்து பார்ப்பார். ஒருமுறை ஒரு மருத்துவமனைப் படம் வந்தது. மூன்று பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டு வந்த படம். இவர் பார்த்துவிட்டு, "சார், இந்த வராண்டா முனையில ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நோயாளியை எழுப்பி நடக்க வெச்சாத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போக முடியும்" என்றார். அளந்து பார்த்தோம். திரும்பாது. முதலாளி அந்தச் சாமர்த்தியத்தைத் தன்னுடையதாகச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். அது வேறு கதை, அதற்கும் எனக்குக் கோபம் உண்டு.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருடைய கணினிக்கு மூளையை மாற்றினார்கள். பழைய பிராசஸரைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு வேகமுள்ள புதியதைப் போட்டு, அதன் தலைமேல் உட்காருவதற்குக் கையகல உலோகக் கூலர் ஒன்றும் வாங்கினார்கள். பிராசஸர் வேலை செய்தால் கொதிக்கும். அந்தச் சூட்டைக் கூலர் உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் உள்ள விசிறி சூட்டை வெளியே தள்ளும். இவ்வளவுதான் விஷயம். பொருத்தியவர் எங்கள் சிஸ்டம்காரர். முப்பது வயசு, கழுத்தில் அடையாள அட்டை, பாக்கெட்டில் மூன்று ஸ்க்ரூடிரைவர், வாயில் எப்போதும் ஒரு பதில். பதில் இல்லாத கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அதுதான் எங்கள் தலையெழுத்து.

புதுப் பிராசஸர் வந்த வாரத்திலிருந்தே அம்மா மெதுவாகிவிட்டார்.

சின்னப் படம் என்றால் ஒன்றும் தெரியாது. பெரிய கட்டிடத்துக்கு வெயில், நிழல், கண்ணாடிப் பளபளப்பு எல்லாம் சேர்த்துக் கணினி கடைசிப் படத்தைத் தயாரிக்கிறதே, அந்த நேரத்தில் மிஷின் முக்கும், முனகும், நத்தையாகும். சில நாள் திடுமென்று செத்துப்போகும். திரை கறுப்பு. இரண்டு மணி நேர உழைப்பு போயே போச்சு. முதல் மாதத்திலேயே அவர் சிஸ்டம்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது ரொம்ப சூடாகுதுப்பா. நடுவுல ஆஃப் ஆயிடுது."

சிஸ்டம்காரர் வந்து பக்கவாட்டு மூடியைத் திறந்து, கூலரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடா? ஜில்லுனு இருக்குக்கா! நீங்களே தொட்டுப் பாருங்க. கூலர் சூப்பரா வேலை செய்யுது."

அம்மா தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்தது.

"திரையில தொண்ணூத்தொன்பது டிகிரின்னு காட்டுதே?"

"அது சென்சார் பொய் சொல்லுதுக்கா. கைய விட சென்சார் பெருசா?"

பேச்சு அதோடு முடிந்தது. அதன் பிறகு எத்தனை தரம் கூப்பிட்டாலும் அதே உள்ளங்கை, அதே ஜில்.

வேகம் வேண்டுமென்று நானும் முதலாளியிடம் எழுதிக் கேட்டேன். முதல் வருடம் நினைவகத்தை இரட்டிப்பாக்கினார்கள். பலன் இல்லை. அடுத்த வருடம் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டார்கள். கணினி கண் சிமிட்டுகிற நேரத்தில் உயிர் பெற்றது, பெரிய படம் வந்ததும் பழையபடி படுத்துக்கொண்டது. மூன்றாம் வருடம் கிராஃபிக்ஸ் கார்டும் பெரிய பவர் சப்ளையும் வந்தன. அதுவும் போதாதென்று சிஸ்டம்காரர் பெட்டியைச் சுற்றி ஐந்து விசிறிகளை மாட்டினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு. பார்க்கப் பொம்மைக் கடை மாதிரி இருந்தது. சத்தம் மட்டும் மாவு மில். அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷி ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன், அவ்வளவுதான் நான் செய்தது.

விசிறி மாட்டிய அன்று சிஸ்டம்காரர் என்னையும் கூப்பிட்டார். "சார், கைய குடுங்க." என் கையைப் பிடித்துக் கூலரின் மேல் வைத்தார். "ஜில்லுனு இருக்கா?"

"ஜில்லுனு இருக்குப்பா."

"அப்புறம் என்ன சார்? மிஷின் குதிரை மாதிரி இருக்கு. ஓட்டறவங்கதான்..." என்று சொல்லிக் கண்ணடித்தார். அவர் சொல்லாமல் விட்டதை நான் அந்த வருடத் தாளில் எழுதினேன். போதாது.

இதற்கு நடுவில் அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் பின்னால் யோசித்துப் பார்த்தேன். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. அறை குளிர்ச்சியாக இருக்கும்போதே பெரிய படங்களை ஓட்டிவிட வேண்டுமென்று, ஒன்பது மணி அலுவலகத்துக்கு எட்டு மணிக்கே வந்தார். ஒரு படத்தை ஒன்பது துண்டாகப் பிரித்து, துண்டு துண்டாகத் தயாரித்து, நடுநடுவே மிஷினுக்கு ஓய்வு கொடுத்து, கடைசியில் தையல் தெரியாமல் ஒட்டினார். எப்போது செத்துப்போகுமோ என்ற பயத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் சேவ் செய்தார். இடது கைச் சுண்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து இரண்டு விசையை அழுத்துவதுதான் சேவ். அது அவருக்கு எப்படிப் படிந்துவிட்டதென்றால், டீ குடிக்கும்போதும் அந்த இரண்டு விரல்கள் மேசையில் அழுந்தும். லிஃப்டில் நிற்கும்போது கைப்பையின் மேல் அழுந்தும். பையன்கள் அதைப் பார்த்து, "ஆமை சேவ் பண்ணுது" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மிஷின் கோளாறையும் சுமந்துகொண்டு அந்த அம்மா எங்களுக்கு ஒரு படத்தைக்கூடத் தாமதமாகத் தந்ததில்லை. கெடுவின் கடைசி மணிவரை இழுக்கும், அவ்வளவுதான். அதற்குத்தான் ஆமை.

இந்த வருடம் முதலாளி என் அறைக்கு வந்தார். கையில் அந்த நான்கு தாள்கள்.

"நாலு வருஷமா நீங்களே எழுதியிருக்கீங்க. இதுக்கு மேல எத்தனை மிஷின் வாங்கிக் குடுக்கறது? வயசாயிடுச்சு, கை ஓடல. ஒண்ணாந்தேதியிலிருந்து கீழ பிரிண்ட் ரூமுக்கு அனுப்பிடுங்க. அந்த மேசைக்குப் புது ஆள் போடலாம்."

பிரிண்ட் ரூம் என்பது தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. மற்றவர்கள் போட்ட படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, மடித்து, உறையில் போட வேண்டும். ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று கண்டுபிடித்த கண்ணுக்கு அங்கே தாள் மடிக்கும் வேலை. நான் தலையாட்டினேன். என் கையெழுத்து இருக்கும்போது வேறென்ன சொல்வது?

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை. "நான் மெதுவா இல்ல சார்" என்று மட்டும் சொன்னார். "இந்த மிஷின் சூடாகுது சார்."

"எல்லாரும் தொட்டுப் பாத்தாச்சும்மா. நானே தொட்டுப் பாத்தேன். ஜில்லுனு இருக்கு."

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது அவர் மேசைமேல் அந்தப் பெட்டி படுத்துக் கிடந்தது. மூடி ஒரு பக்கம், விசிறிகள் ஒரு பக்கம். அம்மா கையில் அரையடி நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர், லாரி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே அந்த மாதிரி. எதிரே சிஸ்டம்காரர் கையை விரித்துக்கொண்டு தடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களே சொல்லுங்க. கம்பெனி மிஷினை அக்கா பிரிச்சுப் போட்டிருக்காங்க!"

"என்னம்மா இது?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "எங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெரியாது. இருபத்தைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம், எனக்குத் தெரியாது.

"லாரி ரேடியேட்டர் ரிப்பேர். நேத்து சாப்பிடும்போது எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அவரு சோத்துல கை வெச்சபடியே கேட்டாரு, 'இன்ஜின் கொதிக்குதுன்னு மீட்டர் சொல்லுது, ரேடியேட்டர் ஜில்லுனு இருக்குங்கறியே, அப்ப சூடு ரேடியேட்டருக்கு வந்து சேரவே இல்லையே? நடுவுல என்னமோ அடைச்சிருக்கு, கழட்டிப் பாரு'ன்னாரு. ஒரு வாய் சோறு முழுங்கற நேரம் சார். அவருக்கு அவ்வளவுதான் ஆச்சு."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ஜில்லென்று இருந்ததுதான் வியாதியே. நல்ல கூலர் என்றால் வெந்நீர்ப் பாத்திரம் மாதிரி கையில் உறைக்க வேண்டும். நாங்கள் நான்கு வருடமாக வியாதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரோக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"கழட்டுங்கம்மா" என்றேன்.

நான்கு திருகாணி. அவர் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்துவிட்டு, கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகினார். பிசின் விடுவது போன்ற சத்தத்தோடு அது கையில் வந்தது. திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்க, சூட்டைக் கடத்துவதற்காகத் தடவிய வெள்ளைப் பசை காய்ந்து கிடந்தது. பஞ்சால் துடைத்தார். பசைக்குக் கீழே செம்புத் தகடு பளபளப்பாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் தெரிந்தது. ஓரத்தில் நீலக் கோடு. நடுவில் நான்கு மொழிகளில் ஒரே வாக்கியம், மொழி தெரியாதவனுக்காக உரிக்கிற விரல் படமும் போட்டிருந்தது. பொருத்துவதற்கு முன் இதை உரித்துவிடவும்.

அம்மா நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தார். தபால் தலையை விடக் கொஞ்சம் பெரிது, வெங்காயத் தோலை விட மெல்லிசு.

சிஸ்டம்காரர் சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தார். "அட, இதுவா! சின்ன பிளாஸ்டிக்குக்கா. எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். இப்ப எடுத்தாச்சுல்ல, விடுங்க."

"எத்தனை தடவை தொட்டுப் பாத்தே?" என்றார் அம்மா. "நாலு வருஷத்துல எத்தனை தடவை? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கழட்டிப் பாத்தியா? சூடாகுது சூடாகுதுன்னு வாய் வலிக்கச் சொன்னேனேடா! சென்சார் பொய், நான் பொய், உன் கை மட்டும் நிஜமா?"

"அக்கா, மரியாதையா..."

"வாயை மூடுய்யா!" என்று கத்தினேன் நான். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆளை அங்கேயே நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. ஐந்து கலர் விசிறி மாட்டத் தெரிந்தவனுக்கு ஒரு தாளை உரிக்கத் தெரியவில்லை. ஆனால் கத்தி முடித்த பிறகு பார்த்தேன், அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டம்காரரை ஒரு தரம் பார்த்ததோடு சரி. என்னைப் பார்த்தது நீண்ட நேரம். கத்துவது சுலபம் என்று அந்தப் பார்வை எனக்குச் சொல்லிவிட்டது.

பிறகு அவர் வேலையில் இறங்கினார். பிராசஸரின் முகத்தைத் துடைத்தார். கைப்பையிலிருந்து புதுப் பசைக் குழாயை எடுத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்தார். கூலரை நேராக உட்கார வைத்து நான்கு மூலையையும் மாற்றி மாற்றி முடுக்கினார். விசிறிகளைத் திரும்ப மாட்டும்போது, பின்பக்க விசிறி காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததையும் கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டார். மேலே இருந்த இரண்டைத் தேவையில்லை என்று கழற்றிச் சிஸ்டம்காரரின் கையிலேயே கொடுத்தார்.

அன்றைக்கு ஓட்ட வேண்டியிருந்தது ஒரு பள்ளிக்கூடக் கட்டிடம். வழக்கமாக ஒன்பது துண்டு, சாயங்காலம் வரை இழுக்கும். முழுதாகவே ஓட்டினார். திரையில் சூடு அறுபத்து மூன்றில் ஏறி அங்கேயே நின்றது. நாற்பது நிமிடத்தில் படம் முடிந்து வந்துவிட்டது, மரத்தடி நிழல் உட்பட. நான் கையை நீட்டிக் கூலரைத் தொட்டேன். நன்றாகச் சுட்டது.

மத்தியானம் முதலாளி வந்து பார்த்தார். ஒட்டுத்தாளைக் காட்டினேன். "பரவாயில்ல, சரியாயிடுச்சில்ல? நல்லது. அந்தம்மா அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"சார்" என்றார் அம்மா. "அந்த நாலு தாள்?"

"அதான் பிரிண்ட் ரூமுக்குப் போக வேணாம்னு சொல்லிட்டேனேம்மா. பழசை எதுக்குக் கிளறணும்?"

"அதுல என் பேரு இருக்கு சார்."

முதலாளி என்னைப் பார்த்து, நீயே ஏதாவது பண்ணித் தொலை என்பது போலக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் அம்மாவை என் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னேன். நான்கு தாள்களையும் எடுத்தேன். முதல் தாளில் 'போதாது' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கணினிக் கோளாறு' என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன். நியாயம் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

அவர் படித்துவிட்டுத் தாளைத் திரும்ப என் பக்கமே தள்ளினார்.

"கம்ப்யூட்டர் மேல ஏன் சார் பழி போடறீங்க? அது பாவம். சூடாகுது சூடாகுதுன்னு தினமும் நம்பர் போட்டுக் காட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

"சரிம்மா. சிஸ்டம்காரர் கவனக்குறைவுன்னு எழுதட்டுமா?"

"தாளை எழுதினது அவரா சார்?"

மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வியர்த்தது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்துக்கு இந்தத் தடவை வேறு ஆள் கிடைக்கவில்லை. எழுதியதை மறுபடி அடித்தேன். கீழே எழுதினேன்: "இவர் சொன்னார். நான் கேட்கவில்லை." கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். அடுத்த மூன்று தாளிலும் அதையே எழுதினேன். நான்காவது தாளுக்கு வந்தபோது என் எழுத்து எனக்கே கோணலாகத் தெரிந்தது.

அவர் நான்கையும் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. கடைசித் தாளைக் கீழே வைத்தபோது, அவருடைய இடது கைச் சுண்டுவிரலும் நடுவிரலும் என் மேசை விளிம்பில் ஒருமுறை அழுந்தி எழுந்தன.